கையில் ஒரு லத்தீன் வரி

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் தேனி பஸ்ஸுக்காக நிற்கிறேன். கழுத்தில் சிலுவையும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாகப் பக்கத்தில் நிற்கும் அக்கா, என் முன்கையில் பச்சை குத்தியிருப்பதையே பார்க்கிறார்.

“லத்தீனா தம்பி? எங்க கோயில் கல்லுலயும் இப்படித்தான் எழுதியிருக்காக. ஏதும் செபமா?”

“செபம் இல்லக்கா. சும்மா ஒரு வாசகம்.”

“என்னன்னு சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரரு தேனி ஆஸ்பத்திரில கெடக்காக. முதுகெலும்புல கட்டி. வலி தாங்காம ராவெல்லாம் கத்துறாக. நல்ல வார்த்தையா இருந்தா அவுகட்டயும் சொல்லுவேன்.”

வாசகம் நானே யோசித்ததுதான். தமிழில் எழுதினால் கெத்தாக இருக்காது என்று செல்போனில் லத்தீனாக்கி, வந்ததை அப்படியே குத்திக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை ஆங்கிலத்தில்தான் பொருள் சொல்லியிருக்கிறேன். வேறு எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

“வலிதான் என்னை வளர்க்குதுன்னு அர்த்தம்க்கா.”

தமிழில் கேட்கும்போது எனக்கே உடம்பு கூசுகிறது. அவர் கோபப்படுவார் என்று நினைக்கிறேன். அவரோ என் கையை மெல்லப் பிடிக்கிறார்.

“ஆத்தாடி, இந்த வயசுல உங்களுக்கு என்னப்பா வலி?”

யோசித்துப் பார்க்கிறேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லை.

“இதக் குத்தும்போது கொஞ்சம் வலிச்சதுக்கா.”

“அம்புட்டுத்தானா? நல்லாருங்க,” என்கிறார், நிஜமாகவே நிம்மதியாக.

தேனி பஸ் வருகிறது. அவர் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் எனக்கும் இடம் பிடித்துவிட்டு, “இங்கன வாங்க தம்பி” என்று கூப்பிடுகிறார். அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி, நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.