என் வேட்டி திரையான மதியம்

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். கச்சிராயபாளையத்தில் மச்சான் வீட்டுக் கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்திருந்தேன். திடீரென்று நெஞ்சு அடைத்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மச்சான் கரும்பு டிராக்டரில் என்னைப் படுக்கவைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிளப்பினான்.

வழியில் ஓர் அம்மா கைகாட்டி ஏறினார். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்டும் கூலிக்கு வந்தவர். தாடையும் முதுகும் வலிக்கிறது என்றார். அதற்கு மேல் பேச நான் எங்கே விட்டேன்?

"மச்சான், எம் புள்ளைங்கள பாத்துக்கோடா!"

"மாமா, மொதல்ல மூச்ச உடு!"

என் அலறலுக்கே மறியல்காரர்கள் வழிவிட்டார்கள். மரம் கிடந்த இடத்திலெல்லாம் வண்டி வயலில் இறங்கி ஏறியது. பாரம் குறையட்டும் என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் இறங்கி நடந்தார். நான் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கிப்போய் ஆண்கள் வார்டில் ஈசிஜி எடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு வாயு மாத்திரை கொடுத்துத் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள்.

என் காகிதத்தைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "ஒண்ணும் இல்லய்யா. கறிய கம்மி பண்ணு."

அப்போது வாசலில் அந்த அம்மா. கையில், நான் டிராக்டரில் விட்டுவந்த செருப்பு.

"உங்க செருப்புங்க சாமி."

முகம் சாம்பல். ரவிக்கை வியர்வையில் ஊறியிருந்தது.

"டாக்டர், இவங்களுக்கும் ஒருக்கா மிஷின போட்டுப் பாருங்க" என்றேன்.

"பொம்பளைக்கு எங்கய்யா மாரடைப்பு? அதுவும் காடுமேடு ஏறி வேல செய்யறவங்களுக்கு! இங்க மறைப்பு வேற இல்ல."

அந்த அம்மா சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை அவிழ்த்து நர்ஸம்மாவிடம் நீட்டினேன். "இந்தாங்க மறைப்பு!"

பட்டாபட்டி டவுசரோடு நான் சுவரைப் பார்த்து நிற்க, வார்டே சிரித்தது. வேட்டிக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடியது. டாக்டர் காகிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "யம்மா, இத்தோட எப்படிம்மா நடந்து வந்த?"

மாரடைப்புதான். என் கட்டில் அவருக்குப் போனது. சாயங்காலம் கண்விழித்தவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "உங்களுக்கு நோவு நின்னுச்சிங்களா சாமி?"

ஊரே உரக்கக் கேட்டு ரோட்டில் நின்ற நாளில், உயிருக்காகக்கூட ஒரு சத்தம் போடாத அவரை நினைத்தால் எனக்கு இன்றும் பேச்சு நின்றுவிடுகிறது. என் வாய் அடங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மச்சானைக் கேட்டால் சொல்வான்.