வடிசாலையில் நான் ஏசிய ஏச்சு

என் கணவர் இரசாயனவியல் ஆசிரியர். காய்ச்சி வடித்தலைக் கரும்பலகையில் வரைந்தே பழகியவருக்கு அதை நேரில் பார்க்க நெடுநாள் ஆசை. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணமாக வெல்லாவெளியிலிருந்து வாகரைப் பக்கம் போனோம். அங்கே ஒரு சாராய வடிசாலையைச் சுற்றிக் காட்டினார்கள். கடைசியில் சுவை பார்க்கக் கொடுத்ததில், குடிப்பழக்கமே இல்லாத இவர் ஒரு வாய் குடித்தார்.

சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நிற்பவர்போல என்னைப் பார்த்து, “மணி அடிச்சிட்டா டீச்சர்?” என்று கேட்டார். பகிடி என்று நினைத்தேன். பிறகு கதவென்று எண்ணிச் சுவரைத் தள்ளினார். ஒரு வாய்க்கு இப்படி வெறிக்குமா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“எனக்குத் தெரியாம எத்தின கிளாஸ் குடிச்சீங்க? வெக்கமா இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் ஏசினேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

போத்தல் கழுவிக்கொண்டிருந்த பெண் வந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அக்கா, இது வெறி இல்ல. வேர்த்து, உடம்பு குளுந்து கிடக்கு. சேருக்குச் சீனி வருத்தம் இரிக்கா?”

“ஓம்,” என்றபோதுதான், காலையில் அவர் நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் புறப்பட்டது நினைவுக்கு வந்தது. அவள் தன் தேத்தண்ணீரில் நிறையச் சீனி கரைத்து மெல்லப் பருக்கினாள். கால் மணிநேரத்தில் தெளிந்தவர், “ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறீங்க?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெறும் வயிற்றில் அந்த மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் சீனி இன்னும் இறங்கிவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இப்போது என் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. இவர் ஏறுமாறாகப் பேசினால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஏசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.