வாய்க்கு எட்டாத கை

பாக்கியம் டீச்சர் இறந்த செய்தியும் அவர் கையைப் பற்றிய புகாரும் ஒன்றாகவே என்னிடம் வந்தன. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைச் சுற்றி முடித்திருந்தேன். அவர் தம்பி வேலு வாசலில் நின்றார்.

"அக்கா விடியக்காலைல போயிட்டாங்க டாக்டரம்மா. நெஞ்சுச் சளிதான். மூச்சே வாங்க முடியல."

நான் ஏதும் சொல்லுமுன் அடுத்ததையும் சொன்னார். "கையைக் கும்பிட்ட மாதிரி நெஞ்சுல வைக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. இடது கை வருது. வலது கை வரமாட்டேங்குது. ரெண்டு பேரு அழுத்திப் பாத்தாங்க. ஒடிஞ்சிருமோன்னு நான்தான் தடுத்தேன். நீங்க வந்து மடக்கி விடணுமாம்."

அவரிடம் படித்த பிள்ளைகளே, உங்களுக்கு அந்தக் கையைத் தெரியும். அது ஏன் மடங்காது என்பதைச் சிலரே அறிவீர்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வலது முழங்கை வீங்கி அவர் எங்கள் வார்டுக்கு வந்தார். மூட்டில் காசநோய். முழங்கை ஒரு கீல் மூட்டு. கதவைப் போல ஒரு போக்கில் மடங்கும், நீளும். அன்றைக்கு எங்களிடம் இருந்த வைத்தியம் அதை மாவுக்கட்டில் மாதக்கணக்கில் அசையாமல் வைப்பதுதான். எலும்போடு எலும்பு ஒட்டும். நோய் அடங்கும், மூட்டு போய்விடும். எந்தக் கோணத்தில் கட்டுகிறோமோ அந்தக் கோணத்திலேயே கை ஆயுளுக்கும் நிற்கும்.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், கெட்டிக்காரர். இறுகப்போகும் முழங்கை நன்றாக மடங்கியிருக்க வேண்டும், கை வாய்க்கு எட்டவேண்டும் என்பது அவர் விதி. வலக்கையால் உண்ணும் நமக்கு அது இன்னும் பொருந்தும் என்று நானும் நினைத்தேன். அப்படியே பாக்கியத்திடம் சொன்னேன்.

"அப்படிக் கட்டினா போர்டுல எழுத முடியுமா?"

"மூக்குக்கு நேரா ஒரு சாண் எழுதலாம். அவ்வளவுதான்."

"அப்போ வேணாம்."

"சாப்பிட வேணாமா டீச்சர்?"

"சாப்பாட்டுக்குத்தான் இன்னொரு கை இருக்கே."

மறுநாள் வார்டு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை வாங்கிவந்து சுவரருகே நின்றார். முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு கோணத்தில் பிடிப்பேன், அவர் வெள்ளைச் சுவரில் ஒரு 'அ' எழுதுவார். பிறகு சற்று விரித்துப் பிடிக்கச் சொல்வார், இன்னொரு 'அ'. மடங்கிய கையின் 'அ' குறுகிக் கிடந்தது. மிக நீண்ட கையின் 'அ' நடுங்கியது. இடையில் ஓரிடத்தில் எழுத்து பெரிதாக, வட்டமாக, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்படி விழுந்தது. முழங்கை அசையவேயில்லை, தோள் எழுதியது. வலியில் அவர் முகமெல்லாம் வியர்வை.

"இங்கதான். இப்படியே கட்டுங்க."

"சுவத்தை யாரு கழுவுறது?" என்றாள் நர்ஸ்.

"கழுவாதீங்கலா. படிக்காதவங்க யாராச்சும் வந்தா படிச்சுக்கட்டும்."

பெரிய டாக்டர் தோளைக் குலுக்கினார். அவள் பட்டினி கிடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றார். கட்டினேன். மருத்துவப்படி அந்தக் கோணம் சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். அது அவருடைய கோணம், அவ்வளவுதான்.

கட்டு பிரித்தபின் அவர் பள்ளிக்குத் திரும்பினார். மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இடக்கையால் சாப்பிட்டார். வலக்கை நெஞ்சுக்கு வராததால், இடக்கையை இறக்கி வயிற்றருகே சேர்த்துக் கும்பிட்டார். ஊர் பேசாமல் இருக்குமா? பிள்ளைகளின் கண்களைச் சோதிக்க நான் போயிருந்த நாளில் பள்ளி மேனேஜர் வந்துவிட்டார்.

"பெத்தவங்க வந்து சத்தம் போடுறாங்க டீச்சர். பாக்கிற பிள்ளைங்களும் இடக்கையால திங்குமாம். நீங்க இடக்கையால எழுதப் பழகிக்கிட்டு, சோத்துக் கையைக் காப்பாத்தியிருக்கலாமே?"

"இடக்கையால எழுதுற பிள்ளையைப் பிரம்பால அடிக்கச் சொல்றது யாருங்க ஐயா? நீங்கதானே? நான் எழுதினா எனக்கும் அடி உண்டா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"உங்களை நிறுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நிறுத்துங்க. ஆனா நான் எழுதினது சரியில்லன்னு சொல்லி நிறுத்துங்க. சாப்பிட்டது சரியில்லன்னு நிறுத்தாதீங்க."

மேனேஜர் கரும்பலகையைப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுத்தாமல் போய்விட்டார். அவர் மனம் மாறியது என்று பிறகு சிலர் சொன்னார்கள். வேறு டீச்சர் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே அறையில் பாக்கியம் டீச்சர் மூட்டுகளைப் பற்றிப் பாடம் நடத்தியதையும் கேட்டிருக்கிறேன். கதவைத் திறந்து மூடி, முழங்காலும் விரல் கணுவும் இப்படி என்றார். ஆட்டுரல் குழியில் குழவி எப்பக்கமும் சுழல்வதுபோல் தோளும் இடுப்பும் என்றார். 'மாட்டேன்' என்று தலையை ஆட்டச் சொல்லி, கழுத்தில் ஒரு முளையைச் சுற்றி எலும்பு திரும்புகிறது என்றார். மாட்டேன் என்று தலையாட்ட அந்த வகுப்புக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஒரு சிறுமி கேட்டாள். "உங்க முழங்கை எந்த வகை டீச்சர்?"

"அசையா மூட்டு. மண்டையோட்டுல இருக்கே, அந்த வகை."

"அப்போ அது ஊனமா டீச்சர்?"

"உன் மண்டை ஊனமாடி? அது அசைஞ்சாத்தான்லா ஆபத்து."

கடலுக்கு அக்கரையில், அவர் ஊரான பாகான் டாலாமில், ஒரு கல்யாணப் பந்தியில் நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கத்து அம்மாள் அவர் இடக்கை இலையில் இறங்குவதைப் பார்த்தார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே, பாவம்," என்று சொல்லிவிட்டு எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பாக்கியம் அந்த அம்மாளுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

"ரொம்ப நன்றிக்கா! டாக்டரம்மா, இப்ப இடம் தாராளமா இருக்கு. தள்ளி உக்காந்து சாப்பிடுங்க. இந்தாப்பா, இங்க இன்னும் ரெண்டு வடை போடு."

அந்தக் கையைத்தான் மடக்கித் தரச் சொல்லி ஆளனுப்பியிருந்தார்கள். வேலுவோடு படகேறி அக்கரைக்குப் போனேன். பாகான் டாலாம் வீட்டில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தலைமாட்டில் நின்றார்.

"கும்பிடுற கை நெஞ்சுல இருக்கணும்மா. அதுதான் முறை. கொஞ்சம் பலமா மடக்கி விடுங்க."

"அதை ஒடிக்காம மடக்க முடியாது. நான் ஒடிக்கமாட்டேன். வேற யாரையும் ஒடிக்க விடவும் மாட்டேன்."

"செத்த உடம்புக்கு வலிக்கவா போகுது?"

வலிக்காது என்பது எனக்குத் தெரியும். செத்த பிறகு என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து எதுவும் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை யாருக்காகவும் மாற்றாத கோணத்தை, எதிர்த்துப் பேச முடியாத நாளில் மாற்றுவது கோழைத்தனம். அதையே சொன்னேன்.

"அப்போ கும்பிடாமலே போகணுமா?"

டீச்சரின் தோள் இன்னும் விறைக்கவில்லை. அதைத் திருப்பி, வலக்கையை அடிவயிற்றின் குறுக்கே கிடத்தினேன். இடக்கையைக் கீழே கொண்டுவந்து அதனோடு சேர்த்தேன். கட்டைவிரல்களைத் துணிநாடாவால் கட்டினேன்.

"இது என்ன கும்பிடு?" என்றார் பெரியவர்.

வேலுதான் பதில் சொன்னார். "அக்கா கும்பிடு இதுதான் மாமா. இத்தனை வருஷமா உங்களையும் இப்படித்தானே கும்பிட்டாங்க. அப்போ வாங்கிக்கிட்டீங்கதானே?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பாக்கியம் டீச்சர் அப்படியே போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. எந்த மூட்டையும் கட்டுவதற்கு முன், நனைத்ததும் இறுகத் தொடங்கும் மாவுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். "இந்தக் கையால உனக்கு என்ன செய்யணும்?" ஒருத்தி தறி என்பாள், ஒருத்தி துடுப்பு என்பாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கணும் என்பாள். பெரிய டாக்டருக்கு இது வீண் தாமதம். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். அவள் பதில் சொல்லும்வரை நான் துணியை நனைப்பதில்லை.