இரவல் கட்டை

கால் உடைந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் காலைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பதினோரு வயதில் எனக்கு வலது கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தபோது, கால் தன் பாட்டுக்குக் கட்டுக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வதைபட்டதெல்லாம் என் இரண்டு கக்கங்களும்தான்.

உடைந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. எங்கள் நிலத்து மோட்டார் கொட்டகையின் மேல் ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குள் குதிப்பது அந்த வருடத்து விளையாட்டு. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் குதித்தவள் நான் ஒருத்திதான். விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கட்டு இருக்கும், கால் தரையில் படாமல் கட்டை வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றார்.

எனக்கோ ஆறாம் வகுப்புக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகப்போகிற முதல் பெண் நான். அந்தக் கர்வத்தில் சீருடையை நான்கு முறை போட்டுப் பார்த்து, நான்கு முறையும் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தேன். முதல் நாள் வராதவர்களின் இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவோ, இந்த வருடம் உள்ளூரிலேயே படிக்கட்டும் என்று முடிவே கட்டிவிட்டாள். நான் அழுத அழுகையில் அப்பா ஒரு தீர்ப்பு சொன்னார்.

"ஊட்டுலேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் தானா நடந்து போயி பஸ் ஏறிட்டாள்னா போவட்டும். தெனிக்கும் இடுப்புல தூக்கிகினு போயி வுட முடியாது."

எங்கள் ஊர் விக்கிரவாண்டியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ரைஸ் மில், ஒரு மாரியம்மன் கோயில், மழை பெய்தால் குளமாகிவிடும் ஒரு மண் ரோடு. நல்ல காலில் ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம்.

மறுநாளே கட்டை வாங்க அப்பா விழுப்புரத்துக்குக் கிளம்பினார். அப்போது உள்ளே வந்தாள் அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில்தான் வீடு.

"கட்டைய கடையில காசு குடுத்து வாங்காதடா தம்பி. சொந்தமா வாங்குன கட்டை ஊட்டுலயே தங்கிடும். எரவலா வாங்கு. எரவல் பொருள திருப்பிக் குடுத்தே ஆவணும்ல, அதுக்குள்ள காலும் ஆயிடும்."

அப்பா சகுனம் பார்ப்பதில் சூரர். பூனை குறுக்கே போனால் அந்தப் பூனை திரும்பி வரும்வரை காத்திருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரவலுக்கு எங்கே போவது என்று அம்மா கேட்டாள். அத்தை அதற்கும் தயாராக இருந்தாள்.

"எங்கூட்ல கீதே. எடுத்தாறேன்."

அத்தை வீட்டுக் கட்டை என்றால் மாமாவின் ஜோடிக் கட்டை. மாமா டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பைக் மோதி, தொடையில் பிளேட் வைத்து, அதோடு வேலையும் போய், வெகு நாளாக வாசல் கட்டிலில் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டை. எங்கே போனாலும் கட்டை. அது இல்லாமல் அவரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மாமியார் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை? மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார் போலிருக்கிறது.

மாமா நல்ல உயரம். கட்டையின் திருகாணியைக் கழற்றிக் கடைசி ஓட்டையில் மாட்டிய பிறகும் அது எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி அதில் தொங்கினேன். கூடத்தை ஒரு சுற்று வருவதற்குள் கக்கம் இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தன் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கட்டையின் தலையில் மெத்தென்று சுற்றினாள். வலி கூடியது. வலி கூடியதால் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அதற்கும் வலி கூடியது. அம்மாவின் பாசம் ஏற ஏறக் கட்டையும் ஏறிக்கொண்டே போனது; இது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. நான் என் பங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன், பவுடர் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் போட்டதில் கக்கத்தில் பணியார மாவு கரைத்தாற்போல் ஆயிற்று. போகப் போக விரல்களும் மரத்துப்போயின. சோற்றைப் பிசையும்போது கைக்குள் எறும்பு ஓடியது. பிள்ளைக்கு உடம்பில் சத்தில்லை என்று அம்மா கேப்பைக் கூழும் முட்டையுமாகக் கொடுத்தாள்.

இந்த வதை போதாதென்று மாமா வேறு வந்து சேர்ந்தார்.

முதலில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை எங்கே பார்த்தார், கட்டையைத்தான் பார்த்தார்.

"கல்லு மேல ஊணாத பாப்பா, ரப்பர் தேஞ்சிடும்."

"ஏய், அத ஈரத்துல போடாத. ஊறிப்போச்சின்னா பேஜாரு."

"செவுத்துல சாய்க்காத, வளைஞ்சிடும். எனுக்கு அது திரும்ப வேணும்."

தன் பொருளை வட்டிக்காரனிடம் அடகு வைத்தவரைப்போல் தினமும் வந்து பார்த்தார். சில நாளில் அத்தை இல்லாமல் தனியாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி ஓட்டாத சைக்கிளை எதற்குத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. பிறகு சைக்கிளும் இல்லாமல், தெருச் சுவர்களைத் தடவிக்கொண்டு வந்தார். காலையில் ஒரு தடவை வந்தவர் சாயங்காலமும் வர ஆரம்பித்தார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

அம்மா முறத்தில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "வரட்டும் வுடு. மாமா நடந்து வந்தா உனுக்கு இன்னா நஷ்டம்?"

பெரியவர்கள் எப்போதும் பெரியவர்கள் பக்கம்தான் என்று நான் நொந்துகொண்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் விழுப்புரத்துக்கு மறுபடி கூட்டிப்போனார்கள். என் விரல் மரத்துப்போகிற கதையைக் கேட்ட டாக்டர், கட்டையை வாங்கி அம்மாவின் புடவையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பின் பாரத்தைக் கையில்தான் தாங்க வேண்டும், கக்கத்தில் தாங்கினால் நரம்பு அமுங்கிவிடும் என்றார். கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டுமாம். புடவை போன பிறகும் எனக்கு அங்கே ஒரு விரல்கூட நுழையவில்லை. கீழே அறுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னதாக ஒன்று வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வாங்கச் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை. அறுக்க மாப்பிள்ளை முறுக்கு இடம் கொடுக்காது. மாமா காதில் விழுகிறாற்போல் அறுக்கிற பேச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். மாமா ரப்பரைத் தடவிப் பார்த்தபடி, "எனுக்குத் திரும்ப வேணும் மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பள்ளி. மெயின் ரோடு வரை ஒரு தடவையாவது நடந்து காட்டாவிட்டால் அம்மா சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். கையில் பாரத்தைப் போட்டு நடந்தேன். கக்கத்துக்குக் கொஞ்சம் விடுதலை கிடைத்தது, உள்ளங்கை கொப்புளித்தது. பரவாயில்லை என்று ரைஸ் மில்லைத் தாண்டினேன். கோயிலைத் தாண்டினேன். முந்தின நாள் மழையில் மண் ரோடு சேறாகக் கிடந்தது. உயரமான கட்டை சேற்றில் வழுக்கியது. கட்டை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தேன்.

மாமா வழக்கம்போல் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். விழுந்த இடத்திலிருந்து அவரைப் பார்த்தேன். சுவரை விட்டுவிட்டார். கையில் எதுவும் இல்லாமல், வேட்டி சேற்றில் புரள, விந்தி விந்தி நேரே வந்தார். கட்டையைத்தான் முதலில் எடுப்பார், ஈரமாகிவிட்டதே என்று கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். புண்ணில் பட்டு நான் அலறினேன்.

"அடி பட்டுச்சா? கால் ஊணுனியா? சொல்லு ஜல்தி."

இல்லை என்று தலையாட்டினேன். என்னைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றார். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். அது எட்டத்தில் இருந்தது. உடைந்தது என் கால், இவர் எதற்குத் தன் காலைப் பார்க்கிறார் என்று எனக்கு அழுகையிலும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ரம்பம் கேட்டார். அப்பா பதறிப்போய், "வேணாம் மாமா, உங்க பொருளு" என்றார். மாமா காதில் வாங்கவில்லை. என்னை நிற்கவைத்து, கக்கத்துக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார்த்து, கட்டையில் கரியால் கோடு போட்டு, தன் கையாலேயே அறுத்தார். இனி எந்த ஓட்டையில் மாட்டினாலும் அது அவர் தோளுக்கு எட்டாது. வெட்டிய துண்டுகளை அடுப்பங்கரைப் பக்கம் எறிந்துவிட்டு, ரப்பரைத் தட்டி மாட்டி, "இப்ப நட" என்றார்.

நடந்தேன். தோள் காதை விட்டு இறங்கியது. மூன்று வாரமாக அது எங்கே இருக்க வேண்டிய தோள் என்பதையே மறந்துபோயிருந்தேன். மகிழ்ச்சியில் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் போய்ப் போய் வந்தேன்.

திங்கட்கிழமை மெயின் ரோடுவரை யார் கையும் படாமல் நடந்தேன். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். டிரைவர் நான் ஏறி உட்காரும்வரை வண்டியை நிறுத்திவைத்தார். திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது உள்ளங்கை எரிந்தது, முதுகு நனைந்திருந்தது, ஆனால் என் இடம் என்னிடம் இருந்தது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்த வேலையும் எந்தச் சம்பளமும் எனக்குத் தரவில்லை.

இரவல் கட்டைச் சாஸ்திரம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. அப்பா கட்டை வாங்கக் கிளம்பிய அன்று காலையில் அத்தை எங்கள் வீட்டு வாசற்படி ஏறும்போது இட்டுக்கட்டியது. நான் வேலைக்குப் போன பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். காலில் ஒரு குறையும் இல்லை, கட்டையைக் கீழே போடுங்கள் என்று டாக்டர் போகும்போதெல்லாம் சொல்லியும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மாமா அதை விடவே இல்லையாம். கெஞ்சிப் பார்த்து, சண்டை போட்டுப் பார்த்து, அத்தைக்கு வழி தெரியாமல் இருந்த நேரத்தில்தான் நான் தண்ணீரில்லாத தொட்டியில் குதித்தேன்.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? திங்கட்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். முந்தின நாள் முழுதும் மல்லாட்டை பறிக்கப் போயிருந்ததால் கட்டையை அவள் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கதையை நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கட்டையைக் கையில் எடுத்தாள். அறுபட்ட அடியைத் தடவினாள். "யாரு அறுத்தது?" என்றாள்.

"மாமாதான். அவரே ரம்பம் கேட்டு வாங்கி அறுத்தாரு. மாமா வரலியா?"

"டெம்போ ஓனர பாக்கணும்னு விக்கிரவாண்டிக்குப் போய்க்கீறாரு. ரோடு வரைக்கும் நடந்தே..."

 கட்டையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினாள். எனக்குப் பாவமாகிவிட்டது. நல்ல பொருள், என்னால் பாழாய்ப் போய்விட்டது. மெல்ல அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அழாதீங்க அத்த. எனுக்குக் கால் ஆனதும் அப்பாகிட்ட சொல்லி மாமாவுக்குப் புதுசா ஒரு ஜோடி கட்டை வாங்கித் தரச் சொல்றேன்."

அத்தை பட்டென்று என் வாயைப் பொத்தினாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கை முழுக்க ஈரம். நல்லது சொன்ன வாயை எதற்காகப் பொத்துகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.