தெஸ்ஸலியின் மணிக்குள் ஒரு பெயர்

தெஸ்ஸலி என்ற போர்க்கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால், டெவன்போர்ட் துறைமுகத்தில் எல்லோரும் அதன் நான்கு புகைபோக்கிகளைத்தான் சொல்வார்கள். எனக்கு ஜேபஸ் நான்ஸ் ஞாபகம் வரும். அவன் கொதிகலனுக்குக் கரி வாரிப் போடுகிறவன். நான் கப்பலின் சமையல்காரன். கப்பல் மணியைத் துலக்கும் உரிமை சமையல்காரனுக்கு மட்டும்தான். வேறு எவனாவது அதில் கை வைத்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

1908இல் கப்பல் முதன்முதலாகக் கடலுக்குப் போனபோதே நாங்கள் இருவரும் ஏறிவிட்டோம். சீனக் கடலில் மூன்று வருஷம், பிறகு கேப்டவுன் பக்கம். அடேயப்பா, அது என்ன காலம்! கரி ஏற்றும் நாளில் அதிகாரியும் மாலுமியும் ஒரே கறுப்பு. வாத்தியக்காரர்கள் வாசிக்க வாசிக்க மூட்டை தூக்குவோம். ஜேபஸின் பல் மட்டும் தெரியும்.

1912இல் ஊர் திரும்பினோம். மறுவருஷம் பிறந்த ஜேபஸின் மகள் லவ்டேவுக்குக் கப்பலின் மேல்தளத்திலேயே ஞானஸ்நானம். மணியைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, அதில் தண்ணீர் ஊற்றி, பாதிரியார் குழந்தையின் தலையில் தெளித்தார். அப்படி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் பெயரை மணியின் உட்புறம் வெட்டிவைப்பது எங்கள் வழக்கம். அவளுடையது பன்னிரண்டாவது பெயர். கப்பல் கிளம்பிய பிறகுதான் அதை வெட்டினார்கள் என்பதால், ஜேபஸின் மனைவி மார்வென்னா அதைப் பார்க்கவே இல்லை.

உலகப் போர் வந்தது. வட கடலில் காவல் சுற்றிக்கொண்டிருந்தோம். 1916 டிசம்பரில் ஜேபஸுக்குக் கடிதம் வந்தது. தொண்டை அடைப்பான் நோயில் லவ்டே போய்விட்டாள். மூன்று வயது. ஒரு போட்டோ கிடையாது. புதைத்த இடத்தில் ஒரு கல்கூட வைக்க முடியவில்லை.

மறுநாள் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"ஹெட்லி, மணியோட உள்பக்கத்த இனிமே நான் துலக்கட்டுமா?"

போடா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், மணி துலக்கும் செங்கல்பொடி டப்பாவை நீட்டினேன்.

"இந்தா. வெளிப்பக்கம் தொட்டே, தொலைச்சிடுவேன்."

அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனபோதும், சண்டை முடிந்து துறைமுகத்தில் சும்மா கிடந்தபோதும், அவன் ஒரு நாள் விடவில்லை. பெயரைப் பார்க்க அவனுக்கு மனம் தாங்காது. கையை மட்டும் உள்ளே விட்டுத் தேய்ப்பான்.

"அங்க என்னடா முணுமுணுக்குற?" என்று கேட்டால், "உன் சூப்பு எவ்வளவு கேவலம்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்பான்.

1921இல் தெஸ்ஸலியை உடைக்க விற்றுவிட்டார்கள். மணி மட்டும் ஊர்த் தேவாலயத்துக்கு வந்தது. ஒரு ஞாயிறு மதியம், இருப்பதில் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு மார்வென்னா வந்தாள்.

"வந்து பாரு, நம்ம பிள்ள பேரு பளபளன்னு இருக்கும்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனான் ஜேபஸ்.

மணியை மேஜைமேல் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தோம். பதினொரு பெயர்கள். பன்னிரண்டாவது இடத்தில் ஒன்றும் இல்லை. வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது.

"நானே அழிச்சுட்டேனே! என் பிள்ளைய நானே தேய்ச்சு அழிச்சுட்டேனே!" என்று ஜேபஸ் அங்கேயே மண்டிபோட்டுவிட்டான்.

பதின்மூன்று வருஷம் மணி துலக்கியவன் நான். செங்கல்பொடி பித்தளையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? டப்பாவைக் கொடுத்ததும் நான்தானே!

மார்வென்னா அந்த வழவழப்பை விரலால் தடவினாள்.

"தினமுமா தேய்ச்ச?"

"தினமும்."

"பைத்தியக்காரா!" என்றவள், தன் கையுறையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "மறுபடியும் வெட்டச் சொல்லு. ஆழமா வெட்டச் சொல்லு. அதுக்கப்புறம் நீ தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்."

பெயரைத் திரும்பவும் வெட்டினார்கள். இன்றும் ஜேபஸ் ஞாயிறு தவறாமல் எனக்கு முன்னால் அங்கே வந்துவிடுகிறான். மணிக்குப் பக்கத்தில் நிற்கிற நேரமெல்லாம், கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.