போடியில் ஒரு பொய்த் தராசு

இல்லாத சாமானை இருக்கிறது என்று நம்ப வைப்பதும் ஒரு தொழில்தான். மனிதர்களை அப்படி நம்ப வைப்பவர்கள் காரில் போகிறார்கள், கம்ப்யூட்டரை நம்ப வைக்கிற நாங்கள் பஸ்சில் நின்றுகொண்டு போகிறோம். 'நேற்று ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை' என்று கம்ப்யூட்டர் முன்னால் ஒருநாளாவது தலையைப் பிய்த்துக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், சிரிக்கத் தடையில்லை.

மிஷினுக்குள் மிஷின்

எண்பதுகளின் பின்பாதி. போடியில் ஞானமுத்து அண்ணாச்சியின் ஏலக்காய்க் கடையில் ஒரு கம்ப்யூட்டரும், அதோடு ஒயரில் கோத்த ஒரு எலெக்ட்ரானிக் தராசும் இருந்தன. மூட்டையைத் தராசில் வைத்தால் எடை தானாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் பில் அடிக்கும். மலையிலிருந்து ஜனங்கள் காய் போட வந்தார்களோ இதை வேடிக்கை பார்க்க வந்தார்களோ, கடையில் எப்போதும் கூட்டம். ஒரு சித்திரை மழையில் இடி இறங்கியதில் இரண்டும் ஒன்றாகக் கருகின.

அண்ணாச்சி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஆனால் பில் போடும் புரோகிராம் பழைய மிஷினுக்காக எழுதியது. எழுதிய புண்ணியவான் துபாய்க்குப் போய்விட்டார். புது மிஷினை விற்ற மதுரைக் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி செய்தார்கள். புது மிஷினுக்குள் பழைய மிஷின் மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராமைப் போட்டார்கள். பில் புரோகிராம் இன்னும் பழைய வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதற்குள் ஓடும். ஒரே ஒரு சிக்கல். அது எடையைத் தராசிடம் மட்டும்தான் கேட்டு வாங்கும், நாம் விரலால் தட்டினால் வாங்காது. தராசோ சாம்பல்.

ஆகவே தராசு மாதிரி நடிக்க இன்னொரு புரோகிராம் வேண்டும். கடையின் பழைய இரும்புத் தராசில் மூட்டையை எடை போட்டு, அந்த எண்ணை நாம் தட்ட வேண்டியது. அதை வாங்கி, தராசு பேசுகிற பாஷையிலேயே பில் புரோகிராமின் காதில் போடுவது அந்தப் புதுப் புரோகிராமின் வேலை. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊரில் சும்மா திரிந்துகொண்டிருந்த என் தலையில் அது விழுந்தது. ஆவணியில் புதுக் காய் மலையை விட்டு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டரோடு என்னையும் அனுப்பிவிடுவதாகப் பேச்சு. நான் விளக்கியதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "செத்த மிஷினையும் எழுப்புறே, செத்த தராசையும் எழுப்புறே. மூணாம் நாள் எந்திரிச்சு நின்னுச்சுன்னா சொல்லு தம்பி, நானே பாதிரியாரக் கூட்டிட்டு வர்றேன்."

யோக்கியனுக்குக் காலமில்லை

மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. நான் நாற்பத்திரண்டு என்று தட்டுவேன், என் தராசு நாற்பத்திரண்டு என்று உடனே சொல்லும், பில் புரோகிராம் 'தராசு சரியில்லை' என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் இதே கதை. கடைசியில் அதன் குடலை உருவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிஜத் தராசில் மூட்டையை வைத்தால் எண் மேலும் கீழும் கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். துபாய்க்காரர் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர். ஆடாத தராசு கண்ணில் பட்டால் ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று முடிவு கட்டும்படி எழுதியிருந்தார். கேட்டவுடன் சரியான எடையைச் சொன்னதுதான் என் தராசு செய்த குற்றம்.

எனவே ஆட்டம் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, இன்னும் கொஞ்சம் கூட, அப்புறம் நிற்பது. கடையில் மூட்டை தூக்கும் சுருளி எனக்குப் பின்னால் நின்று, எண்கள் துள்ளுவதை வெகுநேரம் பார்த்தான். "ஏண்ணே, எங்க ஊருல கரகாட்டக்காரி ஒருத்தி சோலி இல்லாமத்தான் இருக்கா. கூட்டியாரவா, இதைவிட வெரசாக் கத்துக்குடுப்பா."

இறக்குகூலி

முதல் மூட்டைக்குப் பில் வந்தது. கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ சொன்னேன். டீ வருவதற்குள் இரண்டாவது மூட்டையில் நின்றுவிட்டது. காரணம் கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். முதல் மூட்டையைத் தராசிலிருந்து யாரும் இறக்கவில்லையாம். இல்லாத தராசில் இல்லாத மூட்டை உட்கார்ந்திருக்கிறது; அது இறங்கி எடை பூஜ்யத்துக்கு வந்தால்தான் அடுத்த மூட்டை. சரி என்று, மூட்டையை இறக்குவதற்கென்றே ஒரு பொத்தானை ஒதுக்கினேன். இதைச் சுருளியிடம் விளக்கியிருக்க வேண்டாம். அவன் அண்ணாச்சியிடம் போய் ரொம்ப மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். "மொதலாளி, உள்ள இறக்குற மூட்டைக்கும் இறக்குகூலி உண்டுல்ல? அண்ணன் கூலி வாங்காம இறக்குறாரு, எங்க சங்கத்துல கேப்பாக."

டிரங்க் கால்

எல்லாம் சரியாகி, தராசு தயார் என்று மதுரைக் கம்பெனிக்குச் சொல்ல டிரங்க் கால் போட்டேன். அந்தக் காலத்து டிரங்க் காலில் பேச முடியாது, கத்தத்தான் முடியும். கடையில் சந்தை நாள் கூட்டம். "சார், டம்மி தராசு ரெடி" என்றேன். அந்தப் பக்கம், "அம்மியா? என்ன அம்மி?" என்றார்கள். "அம்மி இல்லை சார், டம்மி" என்றேன். "அம்மி எதுக்கய்யா கடைக்கு?" என்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல தமிழில், கடை அதிரக் கத்தினேன்: "பொய்த் தராசு சார்! பொய்த் தராசு ரெடி! நாளையிலேருந்து அண்ணாச்சி கடையில அதுலதான் எடை போடப் போறோம்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கூட்டம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. மலையில் வேர்வை சிந்துகிறவனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவில் இருப்பது தராசு ஒன்றுதான், அதில் ஒரு பொடி சந்தேகம் விழுந்தாலும் கடை எழுந்திருக்காது. மறுநாள் காலை போடிமெட்டு ஏறிய ஜீப்புகளில் ஆளோடு ஆளாக அந்தச் செய்தியும் ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கொஞ்சம் வளர்ந்தது. அண்ணாச்சி கடைக்கு லோடு ஓட்டும் ஜீப்பு டிரைவர் ராசு, சாயங்காலம் காலி ஜீப்போடு இறங்கி வந்தான். "மிச்சமிருந்த பழைய காய்ல ஒரு மூட்டைகூட ஏத்த மாட்டேன்ட்டாங்க மொதலாளி. பூப்பாறை டீக்கடைச் சேட்டன் மட்டும் தனியாக் கூப்பிட்டு, 'போடியில கள்ளத் திராசு வந்நு கேட்டு, ஒண்ணினு எந்தா வில?'ன்னாரு. ஒண்ணு என்ன வெலைன்னு கேக்குறாரு, அவருக்கும் வேணுமாம்."

முத்திரை

செய்தி மலைக்கு மட்டும் போகவில்லை, எடை முத்திரை போடுகிற அதிகாரியின் காதுக்கும் போனது. ஜோல்னாப் பையும் சுத்தியலுமாக வந்து இறங்கினார். இரும்புத் தராசைப் பார்த்தார், முத்திரை சரியாக இருந்தது. "அந்த இன்னொண்ணை எடுங்க" என்றார். என் தராசு புரோகிராம் இருந்த ஃபிளாப்பியை எடுத்துக் காட்டினேன். அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தட்டு எங்கே என்றார், இல்லை என்றேன். முள் எங்கே என்றார், இல்லை என்றேன். எதை எடை போடும் என்றார். எதையும் போடாது என்றேன்.

சுத்தியலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பாவம், மனிதர் நல்லவர். முத்திரையில்லாத தராசு வைத்திருந்தால் கேஸ் போட வேண்டும். கேஸ் போட்டால் தராசைப் பறிமுதல் செய்ய வேண்டும். பறிமுதல் செய்ய அங்கே தராசு இல்லை. கொடுத்த காபியைக் குடித்து முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இல்லாத தராசுக்கு முத்திரை குத்தினாலும் எனக்கு வேலை போகும், குத்தாட்டியும் போகும். நான் இன்னிக்கு லீவு, உங்க கடைக்கு வரவே இல்லை. காபி நல்லா இருந்துச்சு."

அந்த அறுநூறு கிராம்

சிலமலை வீரம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையில் சொந்தத் தோட்டம், தானே ஜீப்பில் ஏறிப் போய் நின்று காய் எடுக்கிறவர். அவர் எந்தக் கடையில் போடுகிறாரோ, சிலமலையும் பக்கத்து ராசிங்காபுரமும் அங்கேதான் போடும். ஆவணி பிறந்ததும் ஒரே ஒரு மூட்டையோடு வந்தார், விற்க அல்ல, பார்க்க. இரும்புத் தராசு நாற்பத்திரண்டு காட்டியது. நான் தட்டினேன். திரையில் எண் ஏறியது. நாற்பத்திரண்டைத் தாண்டி அறுநூறு கிராம் கூடப் போனது, குறைந்தது, மறுபடி ஆடியது, நாற்பத்திரண்டில் நின்றது. நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஆட்டம், அச்சு அசலாக நிஜத் தராசு மாதிரியே. பெருமையாக வீரம்மாளைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூடத்தானப்பு காட்டுச்சு. அந்த அறுநூறு கிராமை எங்க கொண்டு போன?" என்று கேட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கச் சொல்லி எதிர்க்கடைக்கு நடந்தார்.

இன்னும் ஏறும்

அன்றைக்கே ஆட்டத்தை மாற்றினேன். மேலே போய் இறங்குகிற வேலையே வேண்டாம், கீழேயே ஆடி, கடைசியில் ஏறி, சரியான எடையில் நிற்கட்டும். ராசிங்காபுரத்திலிருந்து தப்பித்தவறி வந்த ஒருவர்மேல் பரீட்சை செய்தோம். எண் ஏற ஏற அவர் முகமும் மலர்ந்தது. எடை நின்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவசரப்படாதய்யா, நல்லாத்தான ஏறுது. கொஞ்சம் விட்டுப் பாரு, இன்னும் ஏறும்."

நூறு கிலோ காற்று

அதன்பிறகு யாரும் வரவில்லை. எதிர்க்கடையில் ஜீப்பு மேல் ஜீப்பாக நின்றது. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தினமும் இரும்புத் தராசின் தட்டைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பா காலத்துக் கடை.  கம்ப்யூட்டரைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். "போட்டா, பொய்த் தராசு வச்சிருந்தது நெசம்னு ஆயிரும்" என்றார். பிறகு சிலமலைக்கு ஆள் அனுப்பினார். வீரம்மாள் வரட்டும், எப்படி வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கட்டும், அவர் சரியில்லை என்று சொன்னால் கடையைச் சாத்திவிடுகிறேன் என்று சொல்லச் சொன்னார்.

வீரம்மாள் வந்தார், பின்னாலேயே பாதி சிலமலையும் வந்தது. அதே மாதிரி ஒரு மூட்டை, இரும்புத் தராசில் அதே நாற்பத்திரண்டு. நான் தட்டப் போனேன். "பொறு. அம்பத்திரெண்டுன்னு தட்டு" என்றார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார். தட்டினேன். என் தராசு ஆடி அசைந்து, யோசிக்கிற மாதிரி பாவனை செய்து, ஐம்பத்திரண்டில் நின்றது. கூட்டத்தில் சலசலப்பு. வீரம்மாள் மூட்டையை இறக்கச் சொன்னார். "இப்ப ஒண்ணும் வைக்காத. நூறுன்னு தட்டு." வெறும் தராசு, எதிரே ஜனங்கள். தட்டினேன். நூறு கிலோ காற்றை என் தராசு வெகு சிரத்தையாக, ஆடி ஆடி எடை போட்டு நிறுத்தியது.

 அண்ணாச்சி தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். வீரம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் இரும்புத் தராசின் தட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, பின்னால் நின்றவர்களிடம் சொன்னார்: "பொய் சொல்லவும் ஒரு புத்தி வேணும்ல. இதுக்கு அது எங்க இருக்கு, சொன்னதைத் திருப்பிச் சொல்லுது. எடை போடுறது இந்த இரும்புதான். எங்க மூட்டையெல்லாம் இங்க கொண்டாங்கப்பா, எறக்குங்க."

அந்த ஆவணி முழுக்க அண்ணாச்சி கடை வாசலில் ஜீப்பு நிற்க இடமில்லாமல் போனது உண்மைதான் என்றாலும், மாதக்கணக்கில் ராப்பகலாக நான் உண்டாக்கிய தராசுக்குப் போடியில் கிடைத்த ஒரே முத்திரை, அதற்குப் புத்தி கிடையாது என்பதுதான்.