இடது முன்சக்கரத்துச் சத்தம்

வண்டியின் இடது முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று வரும். வேகத்தடைக்கு ஒன்று, குழிக்கு ஒன்று. கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் குழிக்குப் பஞ்சமே இல்லை. என் கணவர் பக்கத்து சீட்டில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருப்பார். சத்தம் வந்ததும் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொள்வார். புற்றுநோய் அவருடைய முதுகெலும்புக்கு வந்திருந்தது. வலி குறையட்டும் என்று தினமும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலியைக் குறைக்கப் போகிற வழியெல்லாம் வலி.

ஆம்புலன்ஸில் போகலாம் என்றேன். படுத்துக்கொண்டு போக மாட்டேன், முடிகிறவரை உட்கார்ந்துதான் போவேன் என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அடம்பிடித்தது அந்த ஒன்றுக்குத்தான். அப்படியானால் வண்டியைச் சரிசெய்வது என் வேலை என்று முடிவு செய்தேன்.

கராஜில் மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வார நாளெல்லாம் எங்களுக்கு வண்டி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. நான் கோவையில் மெக்கானிக்கல் படித்தவள். படித்ததை மூட்டை கட்டிவிட்டுக் இங்கே கராடியில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது வேறு கதை. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். அதை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில், அதிர்வைத் தாங்கும் இரண்டு ரப்பர் புஷ்களும் தேய்ந்து போயிருந்தன. நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

போபோடியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது புஷ் கிடைத்தது. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் கனம் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார். சொன்னதோடு விடாமல் இன்னொரு தரமும் சொன்னார். பெண்பிள்ளை என்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவரிடமும் அதைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன்.

ஞாயிறு காலையில் பார்க்கிங்கில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். மேலே வீட்டில் படுத்திருங்கள் என்றால் அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையோடு உட்கார்ந்து, மடியில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டார். நான் கழற்றித் தரும் போல்ட்டையும் நட்டையும் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் போட்டு வைத்தார். வங்கியில் இருந்தவர், வரிசை மாறாது. பழைய புஷ் லேசில் வெளியே வரவில்லை. நீளமான போல்ட்டையும் வாஷர்களையும் வைத்து இழுத்து, கைத்தோல் உரிந்து, ஒருவழியாகப் புதியதை ஏற்றினேன். ஆர்மைத் திரும்ப மாட்டும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. வாயைத் திறந்து சொல்ல மாட்டார். வண்டியை இறக்கினால் அடியில் ஸ்பானர் வைக்க இடமிருக்காது. டயருக்கடியில் பலகை அடுக்கி, அதன்மேல் இறக்கி, மறுபடி உள்ளே போக வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கத் தொடங்கினேன்.

“கண்ணு, கீழ இறக்கிட்டுத்தான் டைட் பண்ணோணும்னு கடைக்காரர் சொன்னாருன்னியே?” என்றார்.

“இஞ்சினியர் நானுங்களா, நீங்களா?” என்றேன்.

அவர் அடுத்த நட்டை எடுத்து நீட்டினார்.

மறுநாள் சத்தமே இல்லை. அவர் போகும் வழியில் தூங்கினார். சிக்னலில் நின்றபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். கதிர்வீச்சு முடிகிறவரை அப்படியே ஓடியது. பிறகு ஊசிக்காக வாரம் ஒருமுறை போகத் தொடங்கினோம். மழையும் பிடித்தது. ஒருநாள் மெல்ல ‘டொக்’ என்றது. நான் அவரைப் பார்த்தேன்.

“மழையில ரோடு கெட்டுப்போச்சு கண்ணு. உன்ற வேலையில ஒரு கொறையும் இல்ல.”

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அவர் மேலே இருக்கும் கைப்பிடியைத் தொடுவதையும் விட்டிருந்தார். இடது கை எப்போதும் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கிடக்கும். வலி குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் போனில் சொன்னேன். கடைசி வாரம் வரை அவர் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, ஊருக்குப் போய்த் திரும்பி, தனியாக ஆபீசுக்கு ஓட்டிப் போனபோது சத்தம் பெரிதாகக் கேட்டது. மழை எப்போதோ நின்றிருந்தது. சாலையையும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழற்றினேன். புது ரப்பர் ஒரு பக்கமாகவே கிழிந்து தொங்கியது. தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் திருகிக்கொண்டே இருக்கும். கழுத்தைத் திருப்பிக்கொண்டே தூங்குகிற மாதிரி. எத்தனை நாள் தாங்கும்? பாடத்தில் படித்ததுதான். கடைக்காரர் சொன்னதுதான். அவரும் சொன்னதுதான்.

எழுந்து போய் இடது கதவைத் திறந்தேன். சீட்டு உறையின் தையல் கதவுப் பக்க ஓரத்தில் மட்டும், ஒரு கை பிடிக்கிற அளவுக்குப் பிரிந்திருந்தது. அந்தக் கை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவோரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே போபோடிக்குப் போய் இன்னொரு ஜோடி வாங்கி வந்தேன். கடைக்காரர் அதையே இரண்டு தடவை சொன்னார். இந்தத் தடவை முழுதாகக் கேட்டுக்கொண்டேன். நட்டுகளை இட்லித் தட்டில் நானே போட்டு, நானே குனிந்து எடுத்தேன். எல்லாம் மாட்டிய பிறகு டயருக்கடியில் பலகைகளை அடுக்கி, வண்டியை மெதுவாக இறக்கினேன். கனம் முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்தது. அடியில் படுத்து, கடைசி போல்ட்டை முறுக்கி முடித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன். இஞ்சினியர் யார் என்று நான் அவரைக் கேட்டு இத்தனை நாளாகிவிட்டது.

“நீங்கதானுங்க,” என்றேன்.